திராட்சை பீரில் குறைந்த ஒரு கோடு

முரளிக்கும் சுதாவுக்கும் அப்பா எழுதுவது.

நீங்கள் இருவரும் ‘பாட்டில் அங்கிள்’ என்று கூப்பிடுகிற பாண்டுரங்கனைப் பற்றி நம் வீட்டில் ஒரு கதை உண்டு. நாக்குப் பெருமை பேசி, நாற்பது பாட்டில் பீரை வெடிக்கவைத்து, புருவத்தில் தையல் போட்டுக்கொண்ட கதை. அதை உங்களுக்குச் சொன்னது நான்தான். சின்ன வயதில் அவன் மடியில் உட்கார்ந்து அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்ப்பீர்கள். நான் கதையைச் சொல்லச் சொல்ல நீங்கள் “டமால்” என்று கத்துவீர்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

நான் ரிடையர் ஆன பிறகு ஒருநாள் சுதா கேட்டாள்: “பாண்டு அங்கிள் வஸ்தே நுவ்வெந்துக்கு அலா உண்ட்டாவு, டாடி?” அவன் வந்தால் நான் ஏன் ஒரு மாதிரி ஆகிவிடுகிறேன் என்று. “ஒண்ணுமில்லம்மா, கேஸ்” என்று வயிற்றைத் தடவிக் காட்டினேன்.

கேஸ் இல்லை. பொறாமை. முப்பத்தைந்து வருஷமாக அதுதான். அந்தக் கதையில் நான் விட்டுவிட்ட பகுதியை இப்போது எழுதுகிறேன்.

நான் படித்தது ஆரணியில், எஸ்.எஸ்.எல்.சி. வரை. அதிலும் கணக்கு ஒன்றுதான் ஒழுங்காக வந்தது. ஹைதராபாத்தில் பெரிய சர்க்கார் ஃபாக்டரி வருகிறது, ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ரயில் ஏறினேன். சென்ட்ரல் லேபில் அட்டெண்டர் வேலை கிடைத்தது. சேர்ந்த அன்று வரிசையில் எனக்கு முன்னால் நின்று கையெழுத்துப் போட்டவன் பாண்டு. அவன் தாத்தா காலத்திலேயே சிகந்தராபாத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம், வீடு போவன்பள்ளியில். தமிழ், தெலுங்கு, உருது மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசுவான். “கைக்கு பயப்படறே கோதண்டம், ஏன் பயம்? ரெண்டு பேருக்கும் அதே பீக்கர்தான், அதே பிரஷ்தான்” என்று முதல் நாளே என் தோளில் கையைப் போட்டான். எனக்குப் பிடிக்கவில்லை. கையெழுத்தில் முந்திக்கொண்டானே என்பது மனதில் இருந்தது. சீனியாரிட்டி லிஸ்டில் அவன் பெயர் மேலே, என் பெயர் கீழே. அந்த லிஸ்ட் நோட்டீஸ் போர்டில் இருந்த வரைக்கும் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் டீ குடிக்கப் போவேன்.

கண்ணாடிச் சாமான் கழுவுவது, ஆசிட் அளப்பது, எண்ணெய் சாம்பிளுக்கு லேபிள் ஒட்டுவது என்று மூன்று வருஷம் போனது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

நான்காவது வருஷம் ஹோலுப் சாப் வந்தார்; துரையை அங்கே சாப் என்பார்கள். மெஷின்களைக் கொடுத்த நாட்டிலிருந்து லேபை ஒழுங்குபடுத்த வந்த நிபுணர். நெட்டையான மனிதர், கத்தரிக்கோல் மாதிரி நடப்பார். அவருடைய இங்கிலீஷும் எங்கள் இங்கிலீஷும் ஒரே வகுப்பில் ஃபெயில் ஆனவை. அதனால் மூன்று பேருக்கும் நன்றாகவே புரிந்தது. அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. தப்பு நடந்தால் கையிலிருக்கும் பென்சிலை மேஜைமேல் குறுக்காக வைத்துவிடுவார். அந்தப் பென்சில் மறுபடி நேராகும் வரை லேபில் யாரும் உட்கார மாட்டோம்.

அவருக்கு ஒரு விதி உண்டு. அளவு பார்ப்பவன் எண்ணை முதலில் உரக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் நோட்டில் எழுத வேண்டும். “முதலில் வாய், பிறகு பென்சில்” என்பார். ஒருவன் கண் ஏமாந்தால் இன்னொருவன் காது பிடிக்கும் என்பது அவர் கணக்கு. மற்ற செக்‌ஷன்காரர்கள் எங்கள் லேபைப் பஜனை மடம் என்று கிண்டல் செய்வார்கள்.

அவர் ஊரில் பீர் என்பது நம் ஊர் மோர் மாதிரி. இங்கே கிடைத்த பீர் அவருக்குப் பிடிக்கவில்லை. கெஸ்ட் ஹவுஸின் பின்பக்க அறையில் தானே காய்ச்ச ஆரம்பித்தார். மால்ட் என்கிற முளைவிட்ட பார்லியின் பாகு டின்னிலும், கசப்புக்குப் போடும் காய்ந்த பூ பொட்டலத்திலும் கப்பலில் வரும். ஆசிட் வரும் பெரிய கண்ணாடி ஜாடிகளில் புதிதாக இரண்டை வாங்கிக்கொண்டார். அதைக் கழுவத் தெரிந்த இரண்டு பேர் வேண்டும் என்று சனிக்கிழமை மத்தியானங்களில் என்னையும் பாண்டுவையும் கூப்பிட்டார். அந்த அழைப்பு ஆஃபீசர்களுக்கே கிடைக்காதது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பாண்டுவையும் கூப்பிட்டார் என்று தெரிகிற வரைக்கும்.

பழம் சேர்க்கிற யோசனை பாண்டுவுடையது. “சாப், ஹைதராபாத் வந்துட்டு மாம்பழம் போடாம பீரா?” என்றான். அவர் சிரித்தார். அந்த வெயில் காலத்தில் போட்டோம். பழத்தைத் தோல் சீவி மசித்து, கொதிக்கவிடாமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, எழுபது டிகிரியில் கால் மணி நேரம் வைக்க வேண்டும். கிருமி சாகும். கொதித்துவிட்டால் பீர் கலங்கிவிடும். ஆறவைத்து இரண்டாவது ஜாடியில் போட்டு, பாதி புளித்து அடங்கிய பீரை ரப்பர் குழாயால் சத்தமில்லாமல் அதன்மேல் இறக்க வேண்டும். முதலிலேயே பழத்தைப் போட்டால் பொங்குகிற வேகத்தில் வாசனையெல்லாம் காற்றோடு போய்விடும்.

மாம்பழ பீர் ஏமாற்றிவிட்டது. பழத்தின் இனிப்பை, புளிக்கவைக்கிற ஈஸ்ட் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது மாங்கொட்டையை நக்கின மாதிரி ஒரு வாசனை. சீதாப்பழம் இன்னும் மோசம், அதைப் பற்றி எழுதவே வேண்டாம். அதற்குப் பிறகுதான் ஹோலுப் சாப் எங்களுக்குச் சாறு இறக்கக் கற்றுக்கொடுத்தார். குளிர்காலத்தில் வரும் கமலா ஆரஞ்சின் தோலை, உள்ளே இருக்கும் வெள்ளை ஒட்டாமல் பிளேடால் சீவ வேண்டும். வெள்ளை இருந்தால் கசக்கும். அந்தத் தோலை ஜின்னில் பத்து நாள் ஊறவைத்தால் மஞ்சளாக ஒரு சாறு இறங்கும். அதைப் பாட்டிலில் அடைக்கும் அன்று சொட்டுக் கணக்கில் கலப்பது.

பிளேடு வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. என் தோல்கள் டிரேசிங் பேப்பர் மாதிரி இருக்கும். ஆனால் எத்தனை சொட்டு என்று முடிவு செய்வது நாக்கு. நான்கு சின்ன பீக்கர்களில் நூறு மில்லி பீர் வைத்து ஒரு சொட்டு, இரண்டு, மூன்று, நான்கு என்று போடுவார். உங்கள் அம்மாவைப் பெண் கேட்கப் போனபோதே, குடிப்பதில்லை என்று உங்கள் தாத்தாவுக்கு வாக்குக் கொடுத்தவன் நான். வாயில் வைத்துத் துப்பலாம் என்று சாப் அனுமதித்தார். நான்கும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன. பாண்டு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக நாக்கில் தடவினான்.

“மூணு, சாப். நாலு போட்டா சோப்புத் தண்ணி.”

பீக்கர்களை இடம் மாற்றி வைத்தார். மறுபடி அதையே எடுத்துக் கொடுத்தான். மூன்று தடவை மாற்றினார். மூன்று தடவையும் அதே பீக்கர்.

“ஹவ் சாப், ஆமா, இதேதான். எத்தனை தடவை ஒளிச்சு வெப்பீங்க?”

ஹோலுப் சாப் அவன் முதுகில் தட்டி “நாக்கு!” என்றார். அன்றிலிருந்து அவன் பெயர் நாக்கு. நூறு மில்லிக்கு மூன்று சொட்டு என்றால் இருபது லிட்டருக்கு அறுநூறு சொட்டு, அதாவது முப்பது மில்லி என்று நான் மனக்கணக்கில் சொன்னேன். “சரி, பென்சில்” என்றார். என் பெயர் பென்சில். முதுகில் தட்டவில்லை.

அடுத்த வாரம் பேகம் பஜாரில் மிட்டாய்க்காரர்கள் வாங்கும் கடையில் அன்னாசி எஸன்ஸ் ஒரு புட்டி வாங்கி வந்தேன். வீட்டில் நான்கு டம்ளர் தண்ணீர் வைத்து நாக்கைப் பழக்கினேன். ஒரு வாரம் ஆகியும் மூன்று எது, நான்கு எது என்று தெரியவில்லை. உங்கள் அம்மா சமையற்கட்டிலிருந்து வந்து ஒரு டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

“இது நாலு. அது மூணு. இதுக்கா ஒரு வாரமா பாத்திரத்தையெல்லாம் அன்னாசி நாத்தம் அடிக்க வெச்சிருக்கீங்க?”

அன்றைக்கு அவள்மேலும் பொறாமைப்பட்டேன். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. ஏன் என்று அவளுக்கு இன்று வரைக்கும் தெரியாது.

இப்படி இருக்கும்போது லேபில் டெக்னீஷியன் போஸ்ட் ஒன்று வந்தது. ஒன்றே ஒன்று. அட்டெண்டர்களிலிருந்து ஒருவரை எடுப்பார்கள், ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் ஹோலுப் சாப் யார் பெயரை எழுதிக் கொடுக்கிறாரோ அவருக்குத்தான் என்று சீஃப் கெமிஸ்டே சொல்லிவிட்டார். சீனியாரிட்டியில் பாண்டு மேலே. சாப் முதுகில் தட்டுவதும் பாண்டுவைத்தான். முரளி அப்போது உங்கள் அம்மா வயிற்றில். நான் அட்டெண்டராகவே இருந்து சாகப்போகிறேன் என்று முடிவே கட்டிவிட்டேன்.

சாபின் வழியனுப்பு விருந்துக்குத் திராட்சை பீர் என்று தீர்மானமானது. அந்த வருஷம் பச்சைத் திராட்சை நன்றாக வந்திருந்தது. நசுக்கி, எழுபது டிகிரியில் வைத்து, ஆறவிட்டு, இரண்டாவது ஜாடியில் சேர்த்தோம். பழத்தில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் மறுபடி தின்ன ஆரம்பிக்கும். அது தின்று முடித்ததா என்று ஹைட்ரோமீட்டர் சொல்லும். பீருக்குள் மிதக்கவிடும் கண்ணாடிக் குழல் அது. சர்க்கரை குறையக் குறைய அது கீழே இறங்கும், கழுத்தில் இருக்கும் கோடுகளில் எண் குறையும். மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண் காட்டினால்தான் பாட்டிலில் அடைக்கலாம். மூன்றாம் நாள் ஒரே ஒரு கோடு இறங்கினாலும் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். மூடிய பாட்டிலுக்குள் ஈஸ்ட் வேலை செய்தால் கேஸ் வெளியே போக வழியில்லை.

அந்த வாரம் சாப் வேலையாக விசாகப்பட்டினம் போனார். போகும்போது எங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார். “நாக்கு ருசி பார்க்கட்டும். பென்சில் அளவு பார்க்கட்டும். இரண்டும் சரி என்றால் சனிக்கிழமை அடையுங்கள்.”

வியாழக்கிழமை ஆயிரத்துப் பன்னிரண்டு. நான் சொன்னேன், பாண்டு திருப்பிச் சொன்னான், எழுதினேன். வெள்ளிக்கிழமையும் அதே எண். சனிக்கிழமை வெயில் திடீரென்று ஏறியிருந்தது. பாண்டு குழாயடியில் நாற்பது பாட்டில்களையும் கழுவிக்கொண்டிருந்தான். நான் அறைக்குள் தனியாக ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுக் குனிந்து பார்த்தேன்.

ஆயிரத்துப் பதினொன்று.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஒரு கோடு இறங்கியிருந்தது. அடைக்கக் கூடாது. பாண்டு ஈரக் கையோடு உள்ளே வந்து ஒரு கரண்டி எடுத்து நாக்கில் விட்டுக்கொண்டான். “இனிப்பு போச்சுடா. நேத்தி மாதிரியேதான் இருக்கு. பாட்டில்ல பதினஞ்சு நாள் இருக்கணும், விருந்துக்குச் சரியா இருக்கும். இன்னைக்கு விட்டா லேட்டு” என்று சொல்லிக்கொண்டே மறுபடி குழாயடிக்குப் போனான். அங்கிருந்து கத்தினான்.

“கோதண்டம், நம்பர் சரிதானே?”

என் வாயில் எண் இருந்தது. சொல்லியிருந்தால் அவன் அந்த நிமிஷமே பாட்டில்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். ஆனால் என் கண் முன்னால் நாலு பீக்கர் வந்தது, முதுகில் தட்டுகிற சத்தம் வந்தது. இந்த நாக்கு ஒரு தடவையாவது தப்புச் சொல்லட்டும், சாப் அதைப் பார்க்கட்டும் என்று தோன்றியது. பென்சிலை எடுத்தேன். நோட்டில் உண்மையான எண்ணையே எழுதினேன். பிறகு சொன்னேன்:

“எழுதிட்டேன்.”

“பஸ், அது போதும், அப்ப ஆரம்பி” என்று அவன், பாட்டிலில் நுரை வருவதற்காகக் கொஞ்சமாக விடுகிற சர்க்கரைத் தண்ணீரை அளந்தான். நாற்பது பாட்டிலையும் இருவரும் சேர்ந்து அடைத்தோம். மூடி அழுத்தும் மெஷினை நான்தான் பிடித்தேன். ஒரு மூடிகூடக் கோணவில்லை. அதைத்தான் இன்றைக்கு நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அடுத்த வாரத்தில் ஒரு மத்தியானம் கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரர் லேபுக்கு ஓடி வந்தார். பின்னறையில் வெடிக்கிறது என்றார். நாங்கள் போய்ச் சேரும்போது மூன்றாவது பாட்டில் வெடித்தது. ஒன்று வெடித்தால் அதன் சில்லு பட்டுப் பக்கத்துப் பாட்டில் வெடிக்கும். பாண்டு சாக்கை நனைத்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டான். நானும் ஒன்றை எடுத்தேன்.

“நீ வேணாம், நக்கோ! கண்ணாடி போட்டவன் நீ, கண்ணுல போனா என்ன பண்ணுவே? வெளியே நில்லு!”

அவன் உள்ளே போய்ச் சாக்கைப் பாட்டில் பெட்டிகள்மேல் போட்டான். இரண்டாவது சாக்கைப் போடும்போதுதான் அந்தச் சில்லு பட்டது. புருவத்தில். ஒரு விரல் தள்ளிப் பட்டிருந்தால் கண். நான் வாசலில் நின்றேன். ரத்தத்தோடு அவன் வெளியே வந்தபோது என் முதல் நினைப்பு, இதிலும் இவன்தான் வீரனாகிவிட்டான் என்பது. எழுதக் கூசுகிறது. ஆனாலும் அதுதான் நினைத்தேன்.

ஹோலுப் சாப் திரும்பி வந்ததும் நோட்டைத் திறந்தார். அந்த வரியில் விரலை வைத்தார். பென்சிலைக் குறுக்காக வைத்தார்.

“பென்சில், இதைப் பார்த்தாயா?”

“பார்த்தேன், சாப். எழுதியிருக்கிறேன்.”

“எழுதியிருக்கிறாய். சொன்னாயா?”

நான் வாயைத் திறப்பதற்குள் புருவத்தில் கட்டோடு நின்ற பாண்டு குறுக்கே வந்தான். “சொல்லியிருப்பான், சாப். குழாய்ச் சத்தத்துல நான்தான் காதுல வாங்கல. நம்பர் விஷயத்துல கோதண்டம் சொல்லாம இருப்பானா?”

சாப் அவனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். நோட்டை மூடினார். டெக்னீஷியன் போஸ்ட்டுக்கு என் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தார். தவறாத அளவு, ஒழுங்கான நோட்டு என்று எழுதியிருந்தார். நேர்மை என்றோ நம்பிக்கை என்றோ ஒரு வார்த்தை அதில் இல்லை. ஊருக்குக் கிளம்பும் அன்று அந்த நோட்டை என் கையில் கொடுத்தார். “இது உன்னுடையது” என்றார். பாண்டுவின் முதுகில் தட்டினார். எனக்குக் கை கொடுத்தார்.

பாண்டுவுக்கு அந்தப் போஸ்ட் வர இன்னும் ஏழு வருஷம் ஆனது. கடைசி வரை என்னைவிட ஒரு படி கீழேதான் இருந்தான். இருந்தும் என் பொறாமை தீரவில்லை. டெக்னீஷியன் ஆனவன் நான். கேன்டீனில் கூட்டம் சேர்வது அவனைச் சுற்றி. உங்கள் இருவருக்கும் ஜுரம் வந்தால் தேடுவது அவனை. அதனால்தான் அந்தக் கதையை அவன் எதிரிலேயே உங்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கவைத்தேன்.

சுதா கேட்ட கேள்விக்குப் பிறகு பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள் பீரோவிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு போவன்பள்ளிக்கு பஸ் ஏறினேன். பாண்டு வாசலில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தான்.

“என்னடா, நோட்டோட வரே? எல்.ஐ.சி. ஏஜென்ட் ஆயிட்டியா? என்கிட்ட ஆயுசு கம்மி, வேற வீடு பாரு.”

நோட்டைத் திறந்து நீட்டினேன்.

“கண்ணாடி உள்ளே இருக்கு. நீயே படி.”

படித்தேன். “வியாழன். ஆயிரத்துப் பன்னிரண்டு.”

“ஆயிரத்துப் பன்னிரண்டு” என்றான். பழக்கம், தானாக வந்தது.

“வெள்ளி. ஆயிரத்துப் பன்னிரண்டு.”

“ஆயிரத்துப் பன்னிரண்டு.”

“சனி. ஆயிரத்துப் பதினொண்ணு.”

அவன் திருப்பிச் சொல்லவில்லை. கையிலிருந்த கொத்தமல்லியை முறத்தில் வைத்தான்.

“அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும்.”

“நான் கேட்டேனே.”

“எழுதிட்டேன்னு சொன்னேன்.”

“ஒரு கோடு” என்றான் மெதுவாக. “என் நாக்குக்குத் தெரியலையே.” அதைத்தான் முதலில் சொன்னான். பிறகு புருவத்தில் விரல் வைத்தான். முகம் மாறிவிட்டது. “உன் பசங்க இதைத் தொட்டுத் தொட்டு டமால்னு சிரிச்சுதுங்க. நானும் சிரிச்சேன், என் தப்புதானேன்னு. நீ பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்தே. எழுந்து போடா. பசங்ககிட்ட சொல்லு. சொல்லிட்டு வா. அதுவரைக்கும் நக்கோ.”

முப்பது வருஷத்துக்கு மேல் என் மனதில் இருந்ததை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அவன் தன் மனதில் வந்ததை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டான். பஸ்ஸில் திரும்பி வரும்போது அதற்கும் பொறாமைப்பட்டேன்.

நான்கு நாளாக இதை எழுதுகிறேன். இன்று காலை அம்மா என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். “யாருக்கு எழுதறீங்க? ரெண்டுக்கும் தமிழ்ல பஸ் போர்டு கூடப் படிக்க வராதே” என்றாள்.

பேனா அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் இங்கே பள்ளிக்கூடம் போனவர்கள். தமிழ் காதுக்குப் புரியும், கண்ணுக்குப் புரியாது. அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் நான்கு நாளாகத் தமிழில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். மறுபடியும் எழுதிவிட்டேன், சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் டி.வி.யை அணைத்துவிட்டு இருவரும் கூடத்தில் உட்காருங்கள். அம்மாவும் இருக்கட்டும். நான் இதை முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்கிறேன். நடுவில் எழுந்து போகக் கூடாது. எண் வரும் இடங்களில் நான் நிறுத்துவேன். நீங்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.